முறை பிறந்த கதை

"உங்களுது எந்த மண்டலமுங்க?"

பொள்ளாச்சியில் தொடங்கி உடுமலை, பல்லடம், காங்கேயம், வெள்ளகோவில் வரை, டீக்கடை பெஞ்சில் இரண்டு விவசாயிகள் உட்கார்ந்தால் பேச்சு எப்படியும் இந்தக் கேள்விக்கு வந்துவிடும். பதில் ஒற்றை எண்தான். ஒன்று, இரண்டு, மூன்று அல்லது நான்கு. அதைக் கேட்டதுமே எதிரில் இருப்பவர் மனதுக்குள் கணக்குப் போட்டுவிடுவார். இவருக்குத் தண்ணீர் இந்த வருசமா, அடுத்த வருசமா? மக்காச்சோள விதை வாங்கி வைத்திருப்பாரா, கிணற்றை நம்பி அரை ஏக்கரோடு நிறுத்திக்கொள்வாரா? மாட்டுக்குச் சோளத்தட்டை விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்குமா? நிலம் கைமாறும்போதுகூட எத்தனை ஏக்கர், கிணறு எப்படி என்று கேட்பவர்கள் எந்த மண்டலம் என்றும் கேட்காமல் விடமாட்டார்கள்.

வணிகக் கல்லூரிகளில் செயல்பாட்டு மேலாண்மை என்று ஒரு பாடம் உண்டு. கையில் இருப்பதை, வேண்டியவருக்கு, வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவில், வீணாகாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்பதுதான் அதன் சாரம். கொள்ளளவு, இருப்பு, கால அட்டவணை, நெரிசல் முனை, பராமரிப்பு என்று அதில் பல அத்தியாயங்கள் வரும். கொங்கு நாட்டு விவசாயி இந்த அத்தியாயங்களையெல்லாம் இரண்டெழுத்தில் அடக்கி வைத்திருக்கிறார்: முறை. "எங்க முறை வர்றதுக்கு இன்னும் ரண்டு மாசம் இருக்குதுங்க" என்று அவர் சாதாரணமாகச் சொல்லும் சொல்லுக்குப் பின்னால் எட்டு ஆறுகள், இரண்டு மாநிலங்கள், மலையைக் குடைந்த சுரங்கங்கள், லட்சக்கணக்கான ஏக்கர் நிலம், அறுபது ஆண்டு உழைப்பு எல்லாம் இருக்கின்றன. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் என்று அரசு ஏடுகளும், பி.ஏ.பி. என்று ஊராரும் சொல்லும் அமைப்பில் அந்த முறை பிறந்த கதை இது.

மழை ஒரு பக்கம், காடு ஒரு பக்கம்

ஆனைமலைத் தொடரின் மேற்கு முகத்தில் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். வால்பாறைக்கு மேலே இருக்கும் சின்னக்கல்லாறு தென்னிந்தியாவிலேயே மிக அதிகமாக மழை பெறும் இடங்களில் ஒன்று. அந்த மழையெல்லாம் நீராறாகவும் சோலையாறாகவும் பரம்பிக்குளம் ஆறாகவும் மேற்கே இறங்கி அரபிக்கடலில் போய்ச் சேரும்.

அதே மலைக்குக் கிழக்கே நிலைமை வேறு. பொள்ளாச்சிக்காவது பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சாரலும் ஈரக்காற்றும் வரும். உடுமலை தாண்டிக் கிழக்கே போகப் போக அதுவும் கிடையாது. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் கிளுவை வேலி போட்ட கொறங்காடுகள். உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும். அவற்றை மேய்ந்து வளர்ந்த காங்கேயம் மாடு. மழை குறைந்த மண்ணில் பிழைக்க அந்த ஊர் கண்டுபிடித்த அருமையான வழி அது. ஆனால் அதில் ஒரு குடும்பம் வயிற்றைக் கழுவலாமே தவிர, வளர முடியாது.

பயிர் வைக்க வேண்டுமென்றால் கிணறுதான். அதிகாலையில் கவலையில் எருதுகளைப் பூட்டி, சாலில் தண்ணீர் இறைத்து, பாத்தி பாத்தியாகக் கட்டுவார்கள். கிணற்றுத் தண்ணீர் எட்டிய நிலம் தோட்டம். எட்டாத நிலம் காடு. கொங்குத் தமிழில் இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் இருந்த தூரம் ஒரு குடும்பத்தின் விதியைத் தீர்மானித்தது.

ஆற்றைத் திருப்புவது கொங்கு நாட்டுக்குப் புதிய யோசனை இல்லை. 13-ஆம் நூற்றாண்டிலேயே பவானி ஆற்றில் அணை கட்டி வாய்க்கால் வெட்டிய காலிங்கராயனின் பெயர் இன்றும் ஈரோட்டுச் சீமையில் தண்ணீராக ஓடுகிறது. ஆழியாற்றிலும் காரப்பட்டி, பள்ளிவிளங்கால், அரியாபுரம், பெரியணை, வடக்கலூர் என்று ஐந்து பழைய வாய்க்கால்கள் ஆனைமலை வயல்களில் நெல் விளைவித்துக்கொண்டிருந்தன. மலைக்கு அந்தப் பக்கம் ஓடும் ஆறுகளை மலைக்குள்ளேயே வழி செய்து இந்தப் பக்கம் கொண்டுவருவதுதான் ஆனைமலையில் யாரும் செய்து பார்க்காததாக இருந்தது.

நாலு பேர் சேர்ந்து இழுத்த தேர்

மேற்கே போகும் தண்ணீரைக் கிழக்கே திருப்பலாம் என்று எடுத்துச் சொல்லிவந்தவர்களில் முன்னோடி, வேட்டைக்காரன்புதூர் வி.கே. பழனிசாமிக் கவுண்டர். ஆனைமலை அடிவாரத்து ஊர்க்காரர். மலையில் எங்கே மழை பெய்கிறது, எந்த ஓடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் வாழும் ஊர் அது.

அந்த யோசனையைச் சட்டமன்றத்துக்குள் விடாமல் கொண்டுபோனவர் பொள்ளாச்சி நா. மகாலிங்கம். 1952 முதல் 1967 வரை பொள்ளாச்சியின் சட்டமன்ற உறுப்பினர். அவருடைய தந்தை நாச்சிமுத்துக் கவுண்டர் 1931-இல் ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட்டைத் தொடங்கியவர். பஸ் தொழில் என்பது வண்டி ஓட்டுவதோடு முடிவதில்லை. எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்த ஊரில் நிற்க வேண்டும், ஒன்று பழுதானால் அந்தத் தடத்துக்கு எது போகும், சந்தை நாளில் எங்கே கூட்டம் கூடும் என்று நாள்தோறும் கணக்குப் பார்க்கும் தொழில். அந்தக் கணக்கு நடந்த வீட்டில் வளர்ந்தவருக்கு, தண்ணீருக்கும் ஒரு தடமும் ஒரு நேரமும் வகுக்க முடியும் என்பது எளிதில் பிடிபட்டிருக்கும் என்றே நினைக்கிறேன்.

பொள்ளாச்சிக்குப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம் அப்போது சென்னை மாநில அமைச்சர். பிற்காலத்தில் மத்திய உணவு அமைச்சராகப் பசுமைப் புரட்சிக்கு வழிவகுத்தவர். மாநிலத்தின் நிதி அவர் கையில் இருந்த காலம் அது. முதலமைச்சர் காமராஜர். ஊரின் கனவு, சட்டமன்றக் குரல், கஜானா, முடிவெடுக்கும் நாற்காலி ஆகிய நான்கும் ஒரே திசையில் இழுத்தபோது தேர் நகர்ந்தது.

கெடு வைத்த ஒப்பந்தம்

ஆனால் 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவழி மாநிலங்கள் பிரிந்தன. மழை பெய்யும் காடுகளில் பெரும்பகுதி கேரளத்தில். தண்ணீர் தேவைப்படும் காடுகள் தமிழ்நாட்டில். கேரளத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் முதலமைச்சர், இங்கே காமராஜர். இரண்டு அரசுகளும் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. ஒப்பந்தம் முறைப்படி கையெழுத்தானது 1970 மே 29-ஆம் தேதி. ஆனால் 1958 நவம்பர் 9-ஆம் தேதியிலிருந்தே நடைமுறையில் இருப்பதாக அதில் எழுதிக்கொண்டார்கள். கையெழுத்துக்கு 12 ஆண்டு ஆகும் என்று காத்திருக்காமல், நம்பிக்கையின்பேரில் மலையில் வெடி வைத்துச் சுரங்கம் தோண்டத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு மாநிலங்கள் ஒன்றின் சொல்லை இன்னொன்று நம்பியதற்கு நம் நாட்டில் இதைவிட நல்ல சாட்சி அதிகம் கிடையாது.

இந்த ஒப்பந்தத்தை ஒரு மேலாண்மைப் பாடமாகவே வாசிக்கலாம். 'போதிய தண்ணீர்', 'நியாயமான பங்கு' என்ற பொதுச் சொற்களோடு அது நிற்கவில்லை. எவ்வளவு, எந்த இடத்தில், எந்தத் தேதிக்குள் என்று மூன்றையும் எழுதி வைத்தது. ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு அணைக்கட்டைத் தாண்டிக் கேரளத்துக்குப் போக வேண்டும். கேரளச் சோலையாற்றுக்கு 12.3 டி.எம்.சி. அதிலும், செப்டம்பர் 1, பிப்ரவரி 1 ஆகிய இரண்டு நாட்களில் கேரளச் சோலையாறு அணை நிரம்பி நிற்க வேண்டும். ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிவது நீராண்டு.

ஒரு தொழிற்சாலைக்குச் சரக்கு அனுப்புகிறவர் 'மாதக் கடைசிக்குள் அனுப்புகிறோம்' என்று சொல்வதற்கும், 'இந்தத் தேதி, இந்தக் கிடங்கில், இத்தனை மூட்டை இருக்கும்' என்று எழுதிக்கொடுப்பதற்கும் எவ்வளவு வேறுபாடு! முதலாவதில் சண்டைக்கு இடம் இருக்கிறது. இரண்டாவதில் அளந்து பார்த்தால் போதும். பூசல்கள் பி.ஏ.பி.யிலும் வராமல் இல்லை. வந்தபோதெல்லாம் இரு மாநிலப் பொறியாளர்களும் கூட்டு நீர் ஒழுங்காற்று வாரியத்தில் உட்கார்ந்து பேச, அளவும் தேதியும் எழுதிய ஒரு காகிதம் கையில் இருந்தது.

மலைக்குள் ஓடும் ஒரு வரிசை

1961 அக்டோபர் 7-ஆம் தேதி பிரதமர் நேரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அந்த நாளை இன்றும் இந்தப் பக்கத்து விவசாயிகள் பி.ஏ.பி. தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

தண்ணீர் வரும் வழியைக் கூடவே நடந்து பார்ப்போம். நீராற்றில் தடுக்கும் தண்ணீர் சுரங்கம் வழியாகத் தமிழ்நாட்டுச் சோலையாறு அணைக்கு வருகிறது. அங்கிருந்து மானாம்பள்ளி மின்நிலையத்தின் சக்கரங்களைச் சுற்றிவிட்டுப் பரம்பிக்குளத்துக்கு இறங்குகிறது. பரம்பிக்குளத்திலிருந்து இன்னொரு சுரங்கம் வழியே தூணக்கடவு. தூணக்கடவும் பக்கத்துப் பெருவாரிப்பள்ளமும் கைகோத்த இரட்டை அணைகள். அங்கிருந்து மறுபடி ஒரு சுரங்கம். சர்க்கார்பதியில் இறங்கி இன்னொரு முறை மின்சாரம். பிறகு மலைச்சரிவை ஒட்டி ஒரே மட்டமாக வளைந்து வளைந்து 49 கிலோமீட்டர் ஓடும் காண்டூர் கால்வாய். கடைசியில் திருமூர்த்தி அணை. அங்கிருந்து 120 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பரம்பிக்குளம் பிரதான கால்வாய், உடுமலைக் கால்வாய், அவற்றின் கிளைகள், பகிர்மானக் கால்வாய்கள், கடைசியாக ஒரு காட்டின் மடை. ஆழியாறு அணை இன்னொரு பக்கம் தன் பழைய வாய்க்கால்களுக்கும் புதிய ஆயக்கட்டுக்கும் கேரளத்தின் பங்குக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

ஒரே தண்ணீர் ஒவ்வொரு படியிலும் ஒரு வேலை செய்துவிட்டு அடுத்த படிக்குப் போகிறது. ஃபோர்டு 1913-இல் கார் தொழிற்சாலையில் நகரும் வரிசையை ஏற்படுத்தியபோது, வேலை ஆளைத் தேடி வந்தது என்பார்கள். இங்கே மழை காட்டைத் தேடி வந்தது. அதற்காக மலைக்குள் வெடிமருந்துப் புகையில் நின்ற தொழிலாளர்கள் பலர் உயிரோடு வீடு திரும்பவில்லை. மடையைத் திறக்கும்போது அவர்களையும் நினைக்க வேண்டும்.

நேரு திட்டத்தைத் தொடங்கி வைத்த அதே 1961-இல், அமெரிக்காவில் ஜான் லிட்டில் என்ற பேராசிரியர் ஒரு சிறு சூத்திரத்துக்கு நிரூபணம் எழுதி வெளியிட்டார். உள்ளே நிற்கும் அளவு, வரத்தின் வேகத்தைத் தங்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைக்கும் என்பது அது. வங்கி வரிசைக்கும் மருத்துவமனைக்கும் தொழிற்சாலைக்கும் இன்று வரை பொருந்தும் அந்த விதியைத் தண்ணீரில் வைத்துப் பார்த்தால் சட்டென்று விளங்கும்.

ஒரு டி.எம்.சி. என்றால் 100 கோடி கன அடி. விநாடிக்கு 1,000 கன அடி வீதம் திறந்தால் அது பதினோரு நாள் தாண்டி ஓடும். பரம்பிக்குளம் அணையின் கொள்ளளவு 17.82 டி.எம்.சி. இதே வேகத்தில் அது ஏறக்குறைய 200 நாள் தாங்கும். திருமூர்த்தி அணையின் கொள்ளளவு இரண்டு டி.எம்.சி.க்கும் குறைவு. அது மூன்று வாரம்தான் தாங்கும். ஆகவே திருமூர்த்தி அணையைப் பார்த்து "நிரம்பித்தானே கிடக்குது, திறந்தா என்ன?" என்று கேட்பது, கடை முகப்பில் அடுக்கியிருக்கும் சரக்கைப் பார்த்து வியாபாரத்தை எடைபோடுவது போல. பரம்பிக்குளம்தான் கிடங்கு, திருமூர்த்தி கடைமுகப்பு.

கிடங்கிலிருந்து கடைக்கு ஒரே ஒரு வண்டிப்பாதை. அதுதான் காண்டூர் கால்வாய். பரம்பிக்குளத்தில் கடலே இருந்தாலும், காண்டூர் கால்வாய் எவ்வளவு சுமக்குமோ அவ்வளவுதான் காங்கேயத்துக்கு வரும். 1984-இல் கோல்ட்ராட் என்ற இஸ்ரேலியர் ஒரு தொழிற்சாலையைப் பற்றி நாவல் எழுதி, எந்த அமைப்பின் வேகமும் அதன் மிகக் குறுகிய முனையின் வேகம்தான் என்று உலக மேலாளர்களுக்குப் புரியவைத்தார். மலைச்சரிவில் பாறை உருண்டு, கரை கசிந்து, காண்டூர் கால்வாய் பழுதாகும் ஒவ்வொரு முறையும் பி.ஏ.பி. விவசாயி அந்தப் பாடத்தைத் தன் வயலில் படித்திருக்கிறார். கால்வாயைப் புதுப்பிக்க வேண்டும் என்று அவர்கள் ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்ததற்கும் காரணம் இதுதான். குறுகிய முனையில் அடைக்கும் ஒரு கசிவு, வேறு எங்கோ கட்டும் ஒரு புதுத் தொட்டியைவிட அதிகத் தண்ணீரைக் கொண்டுவரும்.

முக்கால் அங்குலக் கணக்கு

இனிதான் மண்டலம் பிறக்கிறது.

தண்ணீர் வருகிறது என்றதும் ஆயக்கட்டு விரிந்தது. எந்த ஊர்தான் எனக்கு வேண்டாம் என்று சொல்லும்? திருமூர்த்தி அணையை நம்பிய பரப்பு இன்று 3.77 லட்சம் ஏக்கர். திட்டத்தில் எண்ணிய எல்லா ஆறுகளும் இன்னும் வந்து சேரவில்லை. ஆனைமலையாற்றுத் தண்ணீர் இன்றைக்கும் கோரிக்கையாகவே இருக்கிறது. தேவை மேலே, வரத்து கீழே. எந்தத் தொழிலுக்கும் வரும் நெருக்கடிதான் இது.

ஒரு டி.எம்.சி. தண்ணீரை 3.77 லட்சம் ஏக்கருக்கும் சமமாகப் பரப்பினால் எவ்வளவு உயரம் நிற்கும்? கணக்குப் போட்டால் முக்கால் அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. அது வேருக்குப் போகாது. வாய்க்காலின் மண் பாதியைக் குடிக்கும், மீதியைச் சித்திரை வெயில் குடிக்கும். எல்லாருக்கும் கொடுத்தோம் என்ற பெயர் இருக்கும். யாருக்கும் பயிர் இருக்காது.

அதே ஒரு டி.எம்.சி.யை நான்கில் ஒரு பங்குப் பரப்புக்கு மட்டும், அதாவது சுமார் 94 ஆயிரம் ஏக்கருக்குக் கொடுத்தால் ஏறக்குறைய மூன்று அங்குலம். அது ஒரு தண்ணி. மக்காச்சோளமோ நிலக்கடலையோ அதில் தலை நிமிரும். அப்படிச் சில தண்ணி கிடைத்தால் வெள்ளாமை வீடு வந்து சேரும்.

இதுதான் நான்கு மண்டலத்தின் கணக்கு. ஆயக்கட்டை நான்காகப் பிரித்து, ஒரு சமயத்தில் ஒரு மண்டலத்துக்கு மட்டும் மடைகளைத் திறப்பது. ஒருவருக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீர். மண்டலம் என்ற சொல்லைக் கேட்டு, கால்வாயின் முதல் கால்பங்கு ஒன்றாம் மண்டலம், கடைசிக் கால்பங்கு நான்காம் மண்டலம் என்று நினைத்துவிடக் கூடாது. எந்த மண்டலத்துக்குத் தண்ணீர் திறக்கும் அறிவிப்பு வந்தாலும் கோவை, திருப்பூர் இரண்டு மாவட்டங்களின் பெயரும் அதில் இருக்கும். பக்கத்துப் பக்கத்துக் காடுகள் வேறு வேறு மண்டலத்தில் இருக்கலாம். ஆகவே எனக்கு முறை இல்லாத வருசத்திலும் பக்கத்து வாய்க்காலில் ஓடும் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி என் கிணற்றை எட்டிப் பார்க்கும். ஊரே ஒரேயடியாகக் காய்ந்து போவதில்லை. ஒரு வீட்டில் இல்லையென்றாலும் இன்னொரு வீட்டில் சோளத்தட்டை இருக்கும்.

கொஞ்சத்தை எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தூவுவதைவிட, போதுமானதை ஒருவர்பின் ஒருவருக்குக் கொடுப்பதே சமத்துவம் என்பதை இந்தக் கணக்கு நிரூபித்தது. பஞ்சாப், ஹரியாணாவில் வாராபந்தி என்ற பெயரில் வாரத்துக்கு இத்தனை மணி நேரம் உனக்கு என்று வகுத்த முறை உண்டு. ஸ்பெயினின் வலென்சியா நகரில் வியாழக்கிழமை தோறும் தேவாலய வாசலில் விவசாயிகளே உட்கார்ந்து தண்ணீர் வழக்குகளைத் தீர்க்கும் மன்றம் பல நூறு ஆண்டுகளாக நடக்கிறது. தண்ணீர் குறைந்த மண்ணில் வாழ்ந்த மக்கள் எல்லாரும், வெவ்வேறு மொழியில், இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

கடைமடையே அளவுகோல்

அரசாணை வரும். 'நீரிருப்பைப் பொறுத்து', 'உரிய இடைவெளி விட்டு', இத்தனை சுற்றுகளாக, இத்தனை மில்லியன் கன அடிக்கு 'மிகாமல்' என்று அதில் எழுதியிருக்கும். இந்தச் சொற்கள் காகிதத்திலிருந்து காட்டுக்கு வருவது மனிதர்கள் வழியாகத்தான்.

கால்வாய்க் கரையில் லஸ்கர் சைக்கிளிலோ மொபெட்டிலோ வருவார். நீர்வளத் துறையின் ஏணியில் கடைசிப் படி அவர். விவசாயிக்கு முதல் ஆள் அவர்.

"அண்ணா, நம்ம மடைக்கு எப்பங்க எட்டும்?"

"புதங்கிழமை பொழுது சாய வந்துருமுங்க. மேல ரண்டு ஷட்டர் அடைச்சாச்சு. வாய்க்கால்ல கெடக்கற செடியை மட்டும் வெட்டி உட்ருங்க."

இந்த இரண்டு வரிப் பேச்சில் அட்டவணை இருக்கிறது, தகவல் இருக்கிறது, தயார் நிலை இருக்கிறது. தண்ணீர் வரும் நாள் தெரிந்தால்தான் உழவு ஓட்டலாம், விதை வாங்கலாம், ஆள் சொல்லலாம். தேதி தெரியாமல் வரும் தண்ணீர் பாதிப் பயனைத்தான் தரும். சரக்கைப் போலவே சேதியும் நேரத்துக்கு வந்து சேர வேண்டும் என்பதை எந்த லஸ்கரும் அறிவார்.

2000-ஆம் ஆண்டு வந்த தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் விவசாயிகளையே இந்த நிர்வாகத்துக்குள் கொண்டுவந்தது. மடைப் பக்கம் பாசன சபை, அதற்கு மேல் பகிர்மானக் குழு, அதற்கும் மேல் திட்டக்குழு. தேர்தல் வைத்து ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வாய்க்கால் தூர்வாருவது, சுற்றின்போது ஆள் நிறுத்துவது, முறை தவறியவரைக் கூப்பிட்டுப் பேசுவது எல்லாம் இவர்கள் பொறுப்பு.

இத்தனைக்குப் பிறகும் வெள்ளகோவில் பக்கத்துக் கடைமடை விவசாயிகள் தண்ணீர் வரவில்லை என்று சாலைக்கு வந்து போராட வேண்டியிருக்கிறது. திருமூர்த்தி அணையில் திறந்த அளவு ஏட்டில் சரியாக இருக்கும். நடுவில் கரை கசியும். கால்வாய்க்குப் பக்கத்தில் கிணறு வெட்டி உறிஞ்சுபவர் இருப்பார், இரவில் குழாய் போடுபவர் இருப்பார். தலைமடையில் ஒருவர் கூடுதலாக எடுக்கும் ஒரு மணி நேரம், கடைமடையில் ஒருவரின் ஒரு போகம்.

அணையில் எவ்வளவு திறந்தோம் என்பதை மட்டும் பார்க்கும் நிர்வாகம் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளும். கடைசி மடைக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதுதான் கணக்கு. இது தண்ணீருக்கு மட்டுமான உண்மை இல்லை. ரேசன் அரிசிக்கும், பஸ்சுக்கும், மருந்துக்கும், தபாலுக்கும் இதே அளவுகோல்தான். 1911-இல் அறிவியல் மேலாண்மை பற்றிப் புத்தகம் எழுதிய டெய்லர், கடிகாரத்தை வைத்து ஒரு தொழிலாளியின் கையசைவை அளந்தார். ஓர் அமைப்பை அளக்க வேண்டுமானால் அதன் வரிசையில் கடைசியாக நிற்பவரின் கையைத்தான் பார்க்க வேண்டும் என்று கடைமடை நமக்குச் சொல்கிறது.

ஒரு சங்கிலி அறுந்த இரவு

2022 செப்டம்பர் 21-ஆம் தேதி அதிகாலை, பரம்பிக்குளம் அணையின் மூன்று ஷட்டர்களில் ஒன்று, அதைத் தாங்கிய எடைச் சங்கிலி அறுந்து பெயர்ந்து போனது. நிரம்பி நின்ற அணை. விநாடிக்கு ஏறக்குறைய 20 ஆயிரம் கன அடி தண்ணீர் பாய்ந்து வெளியேறியது. நீர்மட்டம் ஷட்டரின் அடிவிளிம்புக்குக் கீழே இறங்கும் வரை பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை. ஆறு டி.எம்.சி.க்கு நெருக்கமான தண்ணீர் போய்விட்டது என்றார்கள்.

மூன்று அங்குலக் கணக்கை இங்கே மறுபடி எடுத்துப் பாருங்கள். ஒரு மண்டலம் முழுவதற்கும் ஏறக்குறைய ஆறு தண்ணி. சில நாட்களில் அது போனது. எட்டு ஆறு, இத்தனை சுரங்கம், இத்தனை ஒப்பந்தம் எல்லாம் ஒரு சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. புதிதாகக் கட்டுவதற்குக் கல்வெட்டு உண்டு, திறப்பு விழா உண்டு. கிரீஸ் போடுவதற்கும் சங்கிலியைத் தட்டிப் பார்ப்பதற்கும் கல்வெட்டு கிடையாது. ஆனால் கட்டியதைக் காப்பாற்றுவது அந்த வேலைதான். அதைச் செய்யும் கைகளை மதிக்காத அமைப்பு எதுவானாலும், அது ஒரு சங்கிலி அறும் தூரத்தில்தான் இருக்கிறது.

முறைக்கு முன்னால் இன்னொரு கேள்வியும் வந்து நிற்கிறது. மண்டலக் கணக்குப் போட்டபோது மனதில் இருந்தவை பருத்தி, நிலக்கடலை, சோளம் போன்ற குறுகிய காலப் பயிர்கள். தண்ணீர் வரும்போது விதைத்து, போகும்போது அறுக்கலாம். இன்று பொள்ளாச்சி என்றாலே தென்னை. தென்னைக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தாகம் எடுப்பதில்லை, தினமும் எடுக்கிறது. முறை வரும்போது கிணற்றையும் பண்ணைக்குட்டையையும் நிரப்பிவைத்து, சொட்டுநீரில் அளந்து அளந்து கொடுத்து, அடுத்த முறைவரை மரத்தைக் காப்பாற்றுகிறார் விவசாயி. பரம்பிக்குளம் அணை செய்த வேலையைத் தன் காட்டுக்குள் சிறிய அளவில் தானே செய்துகொள்கிறார். தேவை மாறிவிட்டது; அட்டவணையும் மாற வேண்டுமா, மாறினால் யாருக்குக் குறையும் என்பதை இரண்டு மாவட்டத்துப் பாசன சபைகளும் பொறியாளர்களும் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டிய காலம் இது. 1958-இல் இரண்டு மாநிலங்கள் பேசித் தீர்த்ததை நினைத்தால், அது முடியாத காரியம் இல்லை.

தமிழில் முறை என்ற சொல்லுக்கு வரிசை என்று பொருள். செய்யும் வழி என்றும் பொருள். "இது முறையா?" என்று கேட்கும்போது நியாயம் என்று பொருள். மேலாண்மைப் பாடம் முதல் இரண்டையும் விரிவாகச் சொல்லித் தருகிறது. மூன்றாவதைத் தண்ணீர்தான் சொல்லித் தந்தது. வரிசையும் வழியும் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், அடுத்தவரின் நேரம் தன் நேரத்தைப் போன்றதே என்று நினைக்கும் மனம் இல்லாவிட்டால் கடைமடை காய்ந்துதான் கிடக்கும்.

அந்த மனம் இன்னும் இருக்கிறது. சுற்று நடக்கும் இரவுகளில் கால்வாய் ஓரம் போனால் பார்க்கலாம். ஒரு டார்ச் வெளிச்சம் வரப்பில் அசையும். காட்டில் இன்னும் இரண்டு பாத்தி நனையாமல் கிடக்கும். பார்க்க யாரும் இல்லை. இருந்தாலும் தன் நேரம் முடிந்ததும் மண்வெட்டியால் நாலு கொத்து மண் எடுத்துத் தன் மடையை அடைத்துவிட்டு, இருட்டில் அடுத்த காட்டைப் பார்த்து ஒருவர் குரல் கொடுப்பார்:

"நம்முது முடிஞ்சுதுங்கண்ணா. நீங்க திருப்பிக்கலாமுங்க."